போகிப் புகையும் நுரையீரலும்

ஆசிரியருக்கு, போகியன்று சென்னையில் காற்றின் தரம் கெட்டது பற்றிய செய்தியைப் படித்தேன். பழைய பாய், துடைப்பம்கூடப் பரவாயில்லை, டயரை எரிப்பதை நிறுத்தியே ஆக வேண்டும். பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துக்கொள்ளும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய புகைத்துகள் அதையெல்லாம் தாண்டி, ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கும் காற்றுப்பைகள் வரை போய் அங்கேயே தங்கிவிடுகிறது. மார்கழிக் குளிரில் புகை மேலேயும் எழும்பாது.

ஆஸ்துமா உள்ள என் அம்மா அன்று விடிகாலை, ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகி, இன்ஹேலரும் இழுத்த பிறகும், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார். மாநகராட்சி ஒரு வாரம் முன்பே தெருத்தெருவாக வண்டி அனுப்பிப் பழைய டயர்களை வாங்கிக்கொள்ளட்டும். முதலில் பஞ்சர் கடைகளுக்குப் போகட்டும், எங்கள் பகுதிப் பிள்ளைகள் டயர் எடுத்து வருவது அங்கிருந்துதான்.

- வாசகர், பெரம்பூர்