மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மதுரை பல்கலை நகருக்குப் போன பிறகும் நீ தனியாகத்தான் சாப்பிடுகிறாய் என்று அம்மா கவலைப்பட்டாள். தட்டை வாங்கி ஓரமாக உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு ரூமுக்கு ஓடிவிடுகிறாயாம். அப்படிச் செய்யாதே. வகுப்பில் உன் துறை ஆட்களைத்தான் பார்ப்பாய். மெஸ்ஸில்தான் பூச்சிகளை ஆராய்கிறவரும் வரலாறு படிக்கிறவரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

பேச்சை ஆரம்பிக்கப் பெரிய விஷயம் எதுவும் வேண்டாம். "இங்க யாரும் வர்றாங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு உட்கார். "இன்னைக்கு ரசம் பரவாயில்லையே" என்று சொல். சாப்பாட்டைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் நம் ஊரில் கிடையாது. அப்புறம், அம்மா கொடுத்த பருப்புப் பொடியை அலமாரியில் பூட்டி வைக்காதே. மெஸ்ஸுக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து நடுவில் வைத்து, "போட்டுக்கங்க" என்று சொல். சோற்றில் குழி பறித்துப் பொடியைப் போட்டுக்கொண்டு, "எண்ணெய் இருக்கா தம்பி?" என்று கேட்கிறவரிடம் தனியாக அறிமுகம் எதற்கு?

ஊரைக் கேட்கலாம். விருதுநகர் என்றால் எண்ணெய் பரோட்டாவைப் பற்றிக் கேள். கம்பம் என்றால், திராட்சை மட்டும் அங்கே எப்படி வருஷம் முழுக்கக் கிடைக்கிறது என்று கேள். தோட்டக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்தால், ஆளுக்கொரு மாதத்தில் கொடியை வெட்டிவிட்டுக் கவாத்து செய்வதைச் சொல்லி முடிப்பதற்குள் உன் கை காய்ந்துவிடும்.

ஆனால் ஊரோடு நிறுத்திக்கொள். நம்ம பக்கம் "எந்த ஊரு?"க்கு அடுத்தபடியாக "ஊர்ல எந்தத் தெரு?", "குலசாமி எது?" என்று வரும். எதைத் தெரிந்துகொள்ள அப்படிக் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்வி விழுந்ததும், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கை அப்படியே நின்றதை எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் பெஞ்சுக்கு வரவேயில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எல்லாரும் போக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்த ஊர் இது. உன் பல்கலைக்கழகம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் காமராஜர், 1950களில் முதலமைச்சராக இருந்தபோதுதான் பள்ளிக்கூடங்களில் மதிய உணவைப் பரப்பினார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது லேசுப்பட்ட காரியமில்லை. ஆகவே அந்தக் கேள்வி உன் வாயிலிருந்து வரவே கூடாது. உன்னிடம் யாராவது கேட்டால், "அது எதுக்குண்ணே?" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்று. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டாலும் நீயே மாற்று.

காதில் ஹெட்செட் மாட்டியிருப்பவரையும், பரீட்சை நாளில் நோட்டைப் புரட்டிக்கொண்டே சாப்பிடுபவரையும் விட்டுவிடு. ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவருக்கு அன்றைக்குப் பேச மனமில்லை, அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் சிரி. பரிமாறுகிற அண்ணனிடமும் பேசு; பாதிப் பேர் அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அடுத்த வாரம் அப்பா நாகமலைப் பக்கம் வருகிறார். பொடியும் நல்லெண்ணெயும் நிறையவே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா