கீசருக்கு அந்த ஸ்மார்ட் பிளக் வேண்டாம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற இடத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டிருந்தேனே, அதற்குத்தான் பதில் இல்லை.

கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாய். மகன் ஸ்மார்ட் பிளக் அனுப்பியிருக்கிறான், கீசருக்கு மாட்டிவிட்டால் போன் செயலியிலிருந்து படுத்தபடியே போட்டுக்கொள்ளலாம் என்று. இதைப் படித்து முடிக்கும் வரை மாட்டாதே.

போன வருஷம் நானும் அதையேதான் செய்தேன். 2000 வாட் அறை ஹீட்டர். 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். பிளக்கில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்ததால் சரி என்று மாட்டினேன். இரண்டு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு நாள் விடியற்காலை பிளாஸ்டிக் கருகும் வாடை. செயலி 'ஆஃப்' என்று காட்டுகிறது, ஹீட்டரோ ஓடிக்கொண்டிருக்கிறது. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. பேரன் அந்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம்தான் காரணத்தைத் தேடிப் படித்தேன். பிளக்குக்குள் இருப்பது ஒரு சின்ன ரிலே, அதாவது மின்சாரத்தாலேயே திறந்து மூடும் சுவிட்ச். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அதன் முனைகளில் பொறி பறக்கும். முனைகள் அரித்து, ஒரு நாள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு செயலியில் எத்தனை முறை அணைத்தாலும் மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். இன்னொன்று, பிளக் முள் சாக்கெட்டில் தளர்வாக உட்கார்ந்தால் வருவது. அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும், 8.7 ஆம்பியரில் ஏழரை வாட் சூடு விரல் நுனியளவு இடத்தில் சேரும். சூட்டில் பித்தளைப் பிடி இன்னும் தளரும், சூடு இன்னும் ஏறும். மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் மின்னோட்டம் அளவைத் தாண்டவே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இந்த இடம்தான்.

உன் கீசரின் தகட்டில் எத்தனை வாட் என்று பார். 3000 என்றால் 13 ஆம்பியர். 10 ஆம்பியர் பிளக்கை நினைக்கவே வேண்டாம். மணிக்கணக்கில் ஓடும் சுமைக்கு 16 ஆம்பியர் பிளக்கிலும் எண்பது சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அது 12.8 ஆம்பியர்தான், உன் 13 அதையும் தாண்டிவிடும்.

இப்போது நம் வீட்டுக் கீசருக்கு எலக்ட்ரீஷியனைக் கொண்டு 25 ஆம்பியர் கான்டாக்டர் போட்டிருக்கிறேன். கனமான சுமைக்கென்றே செய்த பெரிய ரிலே அது. செயலியில் இயங்கும் ஸ்மார்ட் ரிலே, கான்டாக்டரை இழுத்து மூடும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) மட்டும் மின்சாரம் கொடுக்கிறது. கனமான மின்னோட்டம் கான்டாக்டர் வழியாகவே போகிறது. வாங்கும்போது ஏசி-1 என்ற வரியில் இருக்கும் எண்ணைப் பார், ஹீட்டருக்கு அதுதான் கணக்கு. முன்னால், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் 'ஆஃப்' நிலையிலேயே இருக்கும்படி ரிலேயில் அமைத்துவிட்டேன். அரை மணியில் தானாக அணையும் டைமரும் ரிலேக்குள்ளேயே ஓடுகிறது, இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

கான்டாக்டரும் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் கீசருக்குள் சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் இரண்டிலும் கை வைக்கவே கூடாது. செயலியிலேயே வெப்பநிலை தெரிகிறதே, தெர்மோஸ்டாட்டை பைபாஸ் பண்ணிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. மூடிய தொட்டியில் தண்ணீர் கொதித்தால் அந்த அழுத்தத்தைத் தாங்க சேஃப்டி வால்வு ஒன்றுதான் மிஞ்சும்.

அறை ஹீட்டரைத் தொலைவிலிருந்து போடுவதை அடியோடு விட்டுவிட்டேன். அதன் மேல் ஒரு துண்டு விழுந்து கிடந்தால் செயலிக்கு எப்படித் தெரியும்? சுவர் சாக்கெட்டில் நேராக மாட்டி, ஆள் இருக்கும்போது மட்டும் போடுகிறோம்.

மகன் ஆசையாக வாங்கி அனுப்பிய பிளக்கை மேஜை விளக்குக்கு வைத்துக்கொள், அவனும் சந்தோஷப்படுவான். கீசர் தகட்டில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்பு, என்ன கான்டாக்டர் வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம். மூட்டு வலிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் அதிலேயே எழுது.

அன்புடன்,
ராகவன்