உன் தங்கம் என்னிடம் இருக்கிறது

தண்டையார்பேட்டை
ஞாயிறு இரவு

மச்சான்,

நாம் பேசி மூன்று மாதம் ஆகிறது. கூப்பிட்டால் எடுக்க மாட்டாய், வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் போனால் படிக்க மாட்டாய். அதனால்தான் காகிதம். வடை மடித்த பேப்பரையே விரித்துப் படிக்கிறவன் நீ, இதையும் கடைசி வரை படிப்பாய்.

முதலில் ஊர்க் கதை. போன வாரம் உன் அம்மாவைப் பார்த்தேன். முட்டி வலி பரவாயில்லை, எம்.சி. ரோடு வரை நடந்தே போய் வருகிறார்கள். மஸ்கட்டில் நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று என்னைத் திட்டினார்கள், நான் என்னவோ பக்கத்தில் இருந்து ஊட்டாதது போல. நம் கூட்டாளி பல்லிக்கு இரண்டாவதும் பெண், குழந்தைக்கு நல்லவேளை அவன் மூக்கு வரவில்லை. கேரம் அண்ணன் கடையை மூடிவிட்டார். கேரம் போர்டு மட்டும் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அதைப் பார்த்ததும் ரெட் காயின் ஞாபகம் வந்தது. அதை நீ இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, சரி, இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கம்.

அன்று ராத்திரி நடந்ததை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன்னிடம் நான் முழுசாகச் சொல்லவே இல்லை. நாம் கம்ப்யூட்டரில் ஆடும் விண்வெளி விளையாட்டு, அந்த எலைட் டேஞ்சரஸில் நீ டைப்-6 சரக்குக் கப்பல் நிறையத் தங்கம் ஏற்றிக்கொண்டு வந்தாய். என் கோப்ரா கப்பலில் நான் பக்கத்திலேயே வந்தேன், காவலுக்கு. கொள்ளைக்காரன் லிம்பெட் என்கிற குட்டி ரோபோவை விட்டு உன் சரக்குக் கதவைப் பிளந்தான். டப்பாக்கள் ஒவ்வொன்றாக வெளியே உருண்டன. ஹெட்போனில் நீ கத்துகிறாய். கப்பல் உடையும் நிலையில் தாவித் தப்பித்துப் போனாய். நான் நின்று சண்டை போட்டு அவனை முடித்தேன். அதுவரை எல்லாம் உனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஒரே அமைதி. உன் டப்பாக்கள் இருட்டில் மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தன. மிதக்கும் சரக்கை உள்ளே வாங்கும் கார்கோ ஸ்கூப்பைத் திறந்தேன். வேகத்தைக் குறைத்து, குட்டித் திரையில் டப்பாவை நடுவில் பிடித்து நிறுத்தி, ஒவ்வொன்றாக விழுங்கினேன். 22 டப்பா, டப்பாவுக்கு ஒரு டன். ஒவ்வொன்றும் உள்ளே விழ விழ, பட்டியலில் பக்கத்திலேயே ‘திருட்டுப் பொருள்’ என்று அடையாளம் வந்தது. 22 தடவை வந்தது. மறுநாள் நீ கேட்டபோது, எல்லாம் சிதறிப் போச்சுடா என்றேன். அதைக் கள்ளச் சந்தையில் விற்றிருந்தேன்.

பல்லி வாயைத் திறந்து உனக்குத் தெரிந்ததும் நீ ஒரே வார்த்தை அனுப்பினாய். நான், கீழே கிடந்ததை எடுத்தால் திருட்டா என்று பதில் போட்டேன். அங்கே நின்றது நம் பேச்சு.

இத்தனை நாள் கழித்து ஏன் எழுதுகிறேன் என்றால், போன செவ்வாய்க்கிழமை பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உடைந்த கப்பல் ஒன்றின் பக்கத்தில் நாலு டப்பா மிதந்தது, சுற்றிலும் யாரும் இல்லை. எடுப்பா, எடுப்பா என்றாள். எடுத்தேன். உடனே அந்த அடையாளம். “யாருமே இல்லையேப்பா, யார்கிட்ட திருடினோம்?” என்று கேட்டாள். நான் உனக்குச் சொன்ன அதே பதிலை அவளுக்கும் சொல்லத் தொடங்கினேன். பாதியில் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து இதே யோசனைதான். விளையாட்டின் மேல் எனக்கு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சில சரக்கைக் குறிவைத்தால் எடுக்கலாம் என்று காட்டுகிறது, சிலதைச் சட்டவிரோதம் என்கிறது. யார் சொந்தக்காரர், எங்கே போய்ச் சொல்வது, தேடினால் கிடைப்பாரா என்று ஒன்றும் இல்லை. ஒரேயடியாகத் திருட்டு முத்திரை. ஈவ் ஆன்லைன் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டை விளையாடுகிறவர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். அங்கே அடுத்தவன் உடைசலில் கை வைத்தால் 15 நிமிடம் உன்னை யார் வேண்டுமானாலும் சுடலாம். சொந்தக்காரனே கைவிட்டால் உடைசல் நீல நிறமாகும், அப்புறம் யாரும் எடுக்கலாம். அது பரவாயில்லை, கைவிட்டதா தொலைந்ததா என்றாவது பிரித்துப் பார்க்கிறது.

எங்கள் ஆபீஸ் வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார், 1860-இல் வந்தது. 378-ஆம் பிரிவு திருட்டு. அதன் கீழே ஒரு உதாரணம் போட்டிருக்கிறார்கள்: நெடுஞ்சாலையில் ஒரு மோதிரம் கிடக்கிறது, யார் கையிலும் இல்லை. எடுத்தால் அது திருட்டு அல்ல. நான் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, உனக்கு போட்டோ அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். வக்கீல் முழுசாகப் படி என்றார். திருட்டு அல்ல, ஆனால் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொண்ட குற்றம் ஆகலாம் என்று அதே வரி முடிகிறது. அது 403-ஆம் பிரிவு. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இரண்டும் 303, 314 என்று எண் மாறியிருக்கின்றன.

403-இன் உதாரணங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. ரோட்டில் ஒரு ரூபாய், யாருடையது என்றே தெரியாது, எடுக்கிறாய். குற்றமில்லை. அடுத்தது, ரோட்டில் ஒரு கடிதம், உள்ளே ரூபாய் நோட்டு. கடிதத்தில் இருக்கும் விலாசத்தைப் பார்த்து யாருடையது என்று தெரிந்துகொள்கிறாய். தெரிந்தும் வைத்துக்கொள்கிறாய். குற்றம். இரண்டிலும் குனிந்து எடுக்கும் கை ஒன்றுதான், மச்சான். அந்தக் கவரைப் படித்ததும் உன் 22 டப்பா என் கண்ணுக்குள் வந்து நின்றது. ஒவ்வொன்றிலும் உன் விலாசம் இருந்தது. நீ கத்தியது என் காதிலேயே இருந்தது.

இதை வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. சித்தப்பாவுடன் ஒரு தடவை காசிமேட்டிலிருந்து ஃபைபர் போட்டில் போனேனே, ஆறாவது படிக்கும்போது, நீ காய்ச்சல் என்று வராமல் இருந்துவிட்டாய். எண்ணூர்ப் பக்கம் அறுந்துபோன வலை ஒன்று மிதந்து வந்தது. மிதவையில் பாதிக்கு மஞ்சள் பெயின்ட், நீல நைலான் கயிற்றில் மூன்று முடிச்சு. சித்தப்பா மிதவையைத் தூக்கி முடிச்சைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். “திருவொற்றியூர்க் குப்பத்து ஆளோடது” என்றார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், முடிச்சைப் படித்தார். வலையில் சிக்கியிருந்த மீனை இழுத்த கூலி என்று எடுத்துக்கொண்டார். வலையைச் சுருட்டி மடித்து, ஏலம் போடும் இடத்தில் சொல்லிவைத்தார். சாயந்திரம் அந்த ஆள் வந்து வாங்கிக்கொண்டு டீசல் காசு கொடுத்தான், சித்தப்பா பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

கடல் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. காப்பாற்றியவனுக்குக் கூலி உண்டு, சரக்கு அவனுடையது ஆகாது. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில், கரை ஒதுங்கியதை எடுத்தவர் அதற்கென்று உள்ள அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், சொந்தக்காரருக்கு ஒரு வருஷம் அவகாசம், கூலியையும் செலவையும் கட்டிவிட்டு வாங்கிப் போகலாம் என்று இருந்தது; 2025-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியது. அதே பயணத்தில் எந்த அடையாளமும் இல்லாத தேக்குப் பலகை ஒன்றும் கிடைத்தது. நீ எங்கள் வீட்டு வாசலில் உட்காருவாயே, அதுதான். சட்டப்படி அதையும் கொடுத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. அதை மட்டும் என்னால் திருட்டு என்று நினைக்க முடியவில்லை.

என் வேலையையே எடுத்துக்கொள். எத்தனை கன்டெய்னர் யாரும் எடுக்காமல் கிடக்கிறது! 30 நாள் தாண்டினால் சுங்கச் சட்டம் 48-ஆம் பிரிவில் விற்கலாம். ஆனால் முதலில் இறக்குமதி செய்தவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். அந்த நோட்டீஸை நானே எத்தனை தடவை டைப் அடித்திருக்கிறேன்! விற்ற பிறகும் வரி, வாடகை, செலவு போக மீதி இருந்தால் அது சொந்தக்காரருக்குத்தான். பகலெல்லாம் முன்பின் தெரியாதவனுக்கு நோட்டீஸ் அடிக்கிற நான், ராத்திரி உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்றும் படித்தேன், உனக்குப் பிடிக்கும். நம் கடற்கரையிலேயே வடக்கே போனால் ஆந்திராவில் மோட்டுப்பள்ளி. அங்கே காகதீய அரசர் கணபதிதேவர் 1244-ஐ ஒட்டி ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார். புயலில் உடைந்து கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கை முன்பிருந்த அரசர்கள் முழுசாகப் பிடுங்கிக்கொண்டார்கள், நாம் விதித்த வரியை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறோம் என்கிறார். அப்படியென்றால் அதற்கு முன்னால், உடைந்த கப்பல் என்றாலே கரைக்குச் சொந்தம் என்று இருந்திருக்கிறது. உயிரைப் பணயம் வைத்துக் கடலில் வந்தவன் பொருள் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது பார். நான் கரையில் நின்று பிடுங்கிய பழைய அரசர் பக்கம் இருந்திருக்கிறேன்.

விண்வெளி வேறு, கடல் வேறு என்று நீ சொல்ல மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவில், மேலே அனுப்பிய பொருள் எங்கே இருந்தாலும், திரும்பப் பூமியில் விழுந்தாலும் சொந்தக்காரர் மாறுவதில்லை. 1984 பிப்ரவரியில் பலாபா, வெஸ்டார் என்று இரண்டு செயற்கைக்கோள்கள் போக வேண்டிய பாதைக்குப் போகாமல் நின்றுவிட்டன. இன்சூரன்ஸ்காரர்கள் நஷ்டத்தைக் கட்டி, அவற்றைத் தங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டார்கள். அதே நவம்பரில் டிஸ்கவரி விண்கலம் போய் இரண்டையும் பிடித்துக் கீழே கொண்டுவந்தது. பிடித்து முடித்ததும் விண்வெளி வீரர்கள் ‘விற்பனைக்கு’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த வேடிக்கையை அவர்களால் செய்ய முடிந்தது, ஏனென்றால் யாருடைய பொருள் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. நம் விளையாட்டின் முதல் எலைட் வந்ததும் அதே 1984-இல்தான்.

ஆக, மச்சான், எடுத்தது திருட்டு இல்லை என்று இப்போதும் சொல்வேன். விட்டிருந்தால் வேறு எவனாவது கொண்டுபோயிருப்பான். எடுத்தவுடன் உன்னைக் கூப்பிட்டு, 22 என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் காவல்காரன். சிதறிப் போச்சு என்று சொன்ன நிமிடம்தான் நீ அனுப்பிய அந்த ஒரு வார்த்தைக்கு நான் உரியவன் ஆனேன். அது விளையாட்டுத்தானே என்று பல்லி சொன்னான். தங்கம் விளையாட்டு. உன்னிடம் நான் சொன்ன பொய் விளையாட்டு இல்லை. உனக்கு ஷிப்ட் முடிந்து கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் என்னை நம்பித்தான் அந்த வழியில் வந்தாய். மன்னித்துக்கொள்.

அந்த விளையாட்டில் உனக்குப் பணமாக அனுப்ப வழி இல்லை. அதனால் நேற்று 22 டன் தங்கம் வாங்கிவிட்டேன், நேர்மையான சந்தையில், கள்ளச் சந்தையில் எனக்குக் கிடைத்ததைவிட அதிக விலைக்கு. கோப்ராவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. ராத்திரி உன் நேரம் ஒன்பதரை, என் நேரம் பதினொன்று, விளையாட்டில் லேவ் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். வெறுமனே வெளியே தள்ளினால் என் பேரிலேயே இருக்கும், நீ எடுத்தால் உனக்குத் திருட்டு முத்திரை விழும். அதனால் ‘கைவிடு’ என்று இருக்கிறதே, அதை அழுத்துகிறேன். பாப்பா தானே அழுத்த வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள், 22 தடவையும். மெதுவாகத்தான் விடுவாள். நீ ஸ்கூப்பைத் திறந்துகொண்டு வா.

வரும்போது ரெட் காயின் பற்றியும் பேசலாம்.

உன்,
மச்சான்