முதுகு நோகாமல் நீரிலிருந்து எழ: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

சென்ற ஞாயிற்றுக்கிழமை பொங்கோல் கரையில் படகைவிட்டு இறங்கியதும், நீ ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து போனதைப் பார்த்தேன். ஏழு முறை முயன்றும் வேக்போர்டில், அதாவது பாதங்களைப் பூட்டிக்கொண்டு, படகின் கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்தபடி நீரின் மேல் சறுக்கும் பலகையில், எழ முடியவில்லை, உடம்பில் பலம் போதவில்லை என்று வருத்தப்பட்டாய். பலம் உனக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதைச் செலவிடக் கூடாத நொடியில் செலவிடுகிறாய். இயந்திர ஓசைக்கு நடுவே இதை விளக்க முடியவில்லை என்பதால் எழுதுகிறேன். உன்னைப்போலவே தொடக்கத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர்கள் பலர் இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன்.

படகு கிளம்பியவுடன் நீ முழங்கைகளை மடக்கிக் கைப்பிடியை மார்புக்கு இழுக்கிறாய். அதே நேரத்தில் கால்களை நீட்டி எழுந்து நிற்கவும் பார்க்கிறாய். கால் நீண்டதும், 140 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டருக்கு மேல் அகலமும் உள்ள அந்தப் பலகை, நீருக்கு எதிரே சுவர்போல் நின்றுவிடுகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கும் அதிக எடை கொண்டது. முன்னால் படகு கையை இழுக்க, கீழே நீர் காலைப் பிடித்து நிறுத்த, இரண்டுக்கும் நடுவே வளைந்துகொடுக்க எஞ்சியிருப்பது உன் கீழ்முதுகு மட்டுமே. கைப்பிடியை இறுகப் பற்றி அங்கே தொங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு நொடியும் அந்தத் தசைகள் படகோடு போட்டியிட்டன.

எழுப்புகிற வேலை படகுடையது. குந்தியிருக்கிற வேலைதான் உன்னுடையது. நீரில் மல்லாந்து சாய்ந்து, முழங்கால்களை மார்போடு சேர்த்து, குதிகால்கள் பிட்டத்தைத் தொடுகிற அளவுக்கு உடம்பைச் சுருட்டிக்கொள். கைகள் முழங்கால்களுக்கு வெளிப்புறமாக நீண்டிருக்கட்டும், தோள்கள் தளர்ந்திருக்கட்டும். பலகை கயிற்றுக்குக் குறுக்காக, அதன் மேல்விளிம்பு மட்டும் நீருக்கு மேலே தெரியும்படி இருக்க வேண்டும். கயிறு விறைக்கும்போது நீ எதையும் தள்ளாதே. எதிர்வரும் நீரே பலகையைச் சாய்த்து உனக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். பிட்டம் குதிகாலை நோக்கி நகர்ந்து, பலகையின் மேல் நீ குந்தியிருக்கும் நிலை தானாக வரும். அப்போதும் நிற்காதே. கைப்பிடியை இடுப்பளவில் தாழ்த்தி வைத்துக்கொண்டு, பலகை நீரைக் கிழிப்பதை விட்டு நீரின் மேல் வழுக்கத் தொடங்கும்வரை காத்திரு. அந்த மாற்றத்தைப் பாதங்களே சொல்லிவிடும். பிறகு முன்காலைப் படகின் பக்கம் மெல்லத் திருப்பி, எடையில் சற்றே கூடுதலைப் பின்காலில் வைத்து, தொடைகளின் பலத்தால் நிதானமாக நிமிர். உன் பலம் தேவைப்படும் இடம் இதுதான்.

முழங்கால் மார்போடு ஒட்டியிருக்கும்போது முதுகும் வளைந்துதானே இருக்கிறது என்று நீ கேட்கலாம். வளைந்திருப்பது வேறு, வளைந்த நிலையில் பாரம் இழுப்பது வேறு. சுருண்டிருக்கும்போது தொடைகள் உடற்பகுதிக்கு முட்டுக்கொடுக்கின்றன; பலகையும் எளிதாக மேலேறுவதால் இழுவிசையே குறைந்துவிடுகிறது. கயிறு விறைப்பதற்குச் சற்று முன் வயிற்றுத் தசைகளை இறுக்கிக்கொண்டால் முதுகெலும்புக்கு இன்னும் நல்ல பிடிமானம் கிடைக்கும்.

எழுவதற்குப் பலம் மட்டும் போதாது என்பதற்கு இந்த விளையாட்டின் வரலாறே சான்று. 1985இல் கலிபோர்னியாவின் டோனி ஃபின் கொண்டுவந்த ‘ஸ்கர்ஃபர்’ பலகை அதிகமாக மிதக்கும். அதை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு எழுவது வலுவானவர்களுக்கே கடினம். சில ஆண்டுகள் கழித்து ஹெர்ப் ஓபிரையன் தம் ‘ஹைப்பர்லைட்’ பலகையில் மிதக்கும் தன்மையைக் குறைத்தார். அதன் பிறகே சாதாரண உடல்வாகு உள்ளவர்களும் ஆழ்நீரிலிருந்து எழ முடிந்தது, விளையாட்டும் பரவியது.

தவறில் பாதி படகோட்டுகிறவருடையது என்பதையும் சொல்ல வேண்டும். என் முதல் ஆண்டில், நான் தலையசைத்தவுடன் படகின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் பிடியை முழுவதுமாகத் தள்ளிய ஒருவரால் மூன்று வாரம் குனிய முடியாமல் இருந்தேன். நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். ஆகவே முதலில் இயந்திரத்தை மிக மெதுவாக ஓடவிட்டுக் கயிற்றின் தளர்வை எடுத்துவிட்டு, பிறகு ஒரே சீராக வேகத்தைக் கூட்டச் சொல். நீ நின்ற பிறகு மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் போதும். தேர்ந்தவர்கள் ஓட்டும் வேகம் உனக்கு இப்போது வேண்டாம். கயிற்றைக் குட்டையாக வைத்து, படகின் உயரக் கம்பத்தில் கட்டச் சொன்னால், இழுப்பு சற்று மேல்நோக்கி அமைந்து உன்னைத் தூக்கிவிடும். கட்டைவிரலை உயர்த்தினால் வேகம் கூட்ட வேண்டும், தாழ்த்தினால் குறைக்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கேட்பதற்குக் கூச்சப்படாதே, முதுகு உன்னுடையது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. நீர் கண்ணாடிபோல் இருக்கும் என்பதற்காக நாம் விடியற்காலையிலேயே போகிறோம். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மீது அழுத்தம் கூடுதலாக விழும். படுக்கையிலிருந்து நேரே காரில் ஏறி, காரிலிருந்து நேரே நீரில் குதித்துக் குந்துவதைவிட, ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து நடமாடிவிட்டு, கரையில் இருபது முறை மெதுவாக உட்கார்ந்து எழுந்துவிட்டு இறங்கு.

மூன்று நான்கு நொடிகளில் எழவில்லை என்றால் கைப்பிடியை விட்டுவிடு. விடுவது தோல்வி ஆகாது. விடாமல் இழுபடுவதுதான் உன்னை அன்று நொண்ட வைத்தது. ஒரு முறைக்கு ஐந்து முயற்சிகள், பிறகு வேறொருவருக்கு இடம்கொடுத்து ஓய்வு. இப்போதுள்ள வலி தசைப்பிடிப்பாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்; ஆனாலும் அது காலுக்குள் இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பார். சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ, தொடைகளுக்கு நடுவே உணர்வு குறைந்தாலோ, ஒரு நாளும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போ.

வலி முழுவதும் போகும்வரை நீர்ப்பக்கம் வராதே. போன பிறகு ஒரு மாலை என் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வா. தரையில் பலகையோடு உட்கார், கைப்பிடியின் மறுமுனையை நான் மெல்ல இழுக்கிறேன். கை மடங்காமல், முழங்கால் பிரியாமல் நீ குந்தும் நிலைக்கு வர வேண்டும். பத்து முறை அப்படி வந்துவிட்டால், அடுத்த முறை படகோட்டியின் பக்கத்தில் நானே உட்கார்ந்து த்ராட்டிலைப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா