பாலாற்றங்கரைக் கண்காட்சிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள வேலூர் சொந்தங்களுக்கு வணக்கம்.

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மறைந்த நாளான ஜனவரி 30 அன்று, அவருடைய சமாதி இருக்கும் முத்துமண்டபத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு காலி மனையில் நாங்கள் வைத்த ஒருநாள் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. முடிந்து ஒரு வாரம் ஆகிறது. அன்று மாலை நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாதிப் பேரை விட்டுவிட்டேன். அந்தக் கடன் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் பாட்டிக்கு. அவர் இல்லாவிட்டால் இப்படி ஒரு கண்காட்சி என் கனவில்கூட வந்திருக்காது.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். போன வருடம் ஆடி மாதம், பேரனோடு ஆதார் அட்டையை நகலெடுக்க வந்தார் பாட்டி. கடைச் சுவரில் முத்துமண்டபத்தின் படம் ஒன்று பல வருடமாகத் தொங்குகிறது. அதையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இந்த ராசாவ இங்க கொண்டுவந்து அடைச்சது தெரியும். இவரப் புடிச்சுக் குடுத்தவரு என்ன ஆனாருன்னு தெரியுமா?”

எனக்குத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்தது இந்த ஊர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சைக்கிளில் போய் அந்த மண்டபத்து நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன். அரசரைப் பற்றிக் கேட்டால் நாலு வரி சொல்வேன். ஆனால் இந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. பாட்டி பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், 83 கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்தவர். பதுளைதான் இலங்கையின் ஊவா மாகாணத்துத் தலைநகரம். எங்களுக்குப் பாடமாகக்கூட வராத கதை, அவருக்குப் பிறந்த மண்ணின் கதை.

அன்றைக்கு வாடிக்கையாளர்களைக் காக்க வைத்துவிட்டுக் கேட்டேன். பிறகு தேடிப் பிடித்துப் படித்தேன். கண்காட்சிக்கு வர முடியாதவர்களுக்காக அதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அவர் பெயர் எஹலப்பொல. கண்டி அரசவையில் முதல் அதிகாரம், அதாவது தலைமை அமைச்சர். அரசருக்கும் அவருக்கும் பகை முற்றி, 1814இல் கொழும்பிலிருந்த ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கோபத்தில் அரசர் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றார். அந்த வெறுப்பை ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். எஹலப்பொலவும் மற்றப் பிரதானிகளும் வழிகாட்ட, 1815 பிப்ரவரியில் படை மலையேறியது. அந்த மாதம் 18ஆம் தேதி அரசர் பிடிபட்டார். மார்ச் 2ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது, கண்டி ராஜ்ஜியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மறு வருடத் தொடக்கத்தில் அரசரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி மதராஸ் வழியாக நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள்.

சிம்மாசனம் தனக்குத்தான் என்று எஹலப்பொல நம்பியிருந்தார். கிடைக்கவில்லை. வேறு பதவி எதுவும் வேண்டாம், ‘ஆங்கில அரசின் நண்பர்’ என்ற பெயர் ஒன்று போதும் என்று சொல்லிவிட்டார். அந்தப் பட்டமும் ரொம்ப நாள் தாங்கவில்லை. 1817இல் ஊவாவில் மக்கள் கிளர்ந்தார்கள். முன்னாள் பிக்கு ஒருவர், தன்னைத் துரைசாமி என்றும் நாடு கடத்தப்பட்ட அரசரின் உறவினர் என்றும் சொல்லிக்கொண்டு அவர்களுக்குத் தலைமையேற்றார். வேலூரில் சிறையிருந்த நம்ம அரசரின் சொந்தம் என்று சொன்னால் அங்கே இன்னும் ஜனங்கள் திரண்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கலகத்துக்குப் பின்னால் எஹலப்பொல இருக்கலாம் என்ற சந்தேகம் ஒன்றே போதுமாக இருந்தது. 1818இல் நண்பரைக் கைதுசெய்தார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. வருடக்கணக்காகக் கொழும்பில் வைத்திருந்துவிட்டு, 1825இல் மொரீஷியஸ் தீவுக்கு அனுப்பினார்கள். 1829இல் அங்கேயே இறந்தார். அவர் பிடித்துக் கொடுத்த அரசர் இங்கே இறந்தது 1832இல்.

இதைப் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முகாமுக்குப் போய்ப் பாட்டியிடம் சொன்னபோது, “அதத்தான் தம்பி அன்னிக்குக் கேட்டேன்” என்றார்.

சார்ட்டுகளில் இருந்த சிங்களப் பெயர்கள் அத்தனையையும் திருத்தியது அவர்தான். ‘எஹலபோலா’ என்று ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியிருந்தேன். கெப்பிட்டிபொல, மடுகல்ல, வெல்லஸ்ஸ என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கூடவே வாயசைத்துப் பழகி, அழித்து எழுதினேன். பாட்டி, உங்கள் காலில் விழுந்து நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் விடமாட்டீர்கள்.

இரண்டாவது நன்றி, கோட்டைப் பகுதிக்கான சார்ட்டுகளைத் தயாரித்துக் கொடுத்த பாய்க்கு. தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், 1806 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி பற்றிக் கிடைத்ததையெல்லாம் முப்பது வருடமாகக் கோப்பில் சேர்த்து வைத்திருப்பவர். 2006இல் வந்த வேலூர்ப் புரட்சி அஞ்சல் தலைகூடப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. கண்டி கதையைச் சொன்னதும், “இது தனிக் கதை இல்லை தம்பி. நம்ம கோட்டையில் இதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே நடந்திருக்கு” என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் எழுந்த சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் எதிரிகள் இல்லை, கம்பெனியின் சொந்தப் படை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்துக் கொடுத்ததும் அதே மதராஸ் படைதான். அந்தச் சிப்பாய்களின் நெற்றிக்குறியை அழி, காதுக் கடுக்கனைக் கழற்று, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு வந்தது. மே மாதம் மறுத்தவர்களுக்குக் கசையடித் தண்டனை விதித்தார்கள். முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கலகம் வரப்போகிறது என்று ஜூன் மாதமே அதிகாரிகளிடம் சொல்லியும் பைத்தியம் என்று தள்ளிவிட்டார்கள். ஜூலை 10 காலை ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறக்குறைய நூறு பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதற்குப் பிறகுதான் விசாரணை. ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டப்பட்டார்கள், ஐந்து பேர் சுடப்பட்டார்கள், எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஐந்து பேர் நாடு கடத்தப்பட்டார்கள். கலகம் செய்த பட்டாளங்களைக் கலைத்து, அவற்றின் எண்களையும் படைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இத்தனைக்கும் பிறகு தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதை மே மாதமே செய்திருந்தால் என்ற எண்ணம் என்னை விடவே இல்லை.

கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த பத்தாவது வருடம் அதே கோட்டைக்குக் கண்டி அரசர் வந்தார். அவர் பெயரில் கண்டி மஹால் இன்றும் நிற்கிறது. பாய் இதைச் சொல்லிவிட்டு, இரண்டு கதைக்கும் ஒரே சார்ட் வரிசைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் சொன்னபடியே செய்தோம். அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

வரைபடத்தைப் போட்டுக் கொடுத்த பதினொன்றாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கடல் முழுக்க போஸ்டர் கலரில் நீலம். கண்டியிலிருந்து கொழும்பு வரை சிவப்பு நூல், பச்சை நூல் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். கொழும்பில் ஒரே குண்டூசியில் இரண்டையும் சுற்றியிருந்தாள். அங்கிருந்து சிவப்பு வடக்கே மதராஸ் போய் வேலூரில் முடியும். பச்சை தெற்கே இறங்கி, சார்ட்டின் கடைசி மூலையில் மொரீஷியஸில் முடியும். நூல் எங்கம்மாவின் தையல் டப்பாவில் இருந்தது அங்கிள் என்றாள். வந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தக் குண்டூசிக்கு முன்னால்தான் நின்றார்கள். நான் பத்து நிமிடம் பேசிப் புரிய வைக்க நினைத்ததை ஒரு நூலால் சொல்லிவிட்டாய் அம்மா. நன்றாகப் படி.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் முன்பே முன்பணம் கட்டியிருந்த ஒரு மண்டபத்தில், இரண்டு நாள் இருக்கும்போது ‘பிரச்சினை வரும்’ என்று கைவிரித்துவிட்டார்கள். என்ன பிரச்சினை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சார்ட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றபோது, “வீடு கட்ட வாங்கிப் போட்ட மனை சும்மாதானே கிடக்கு, அங்க வெச்சுக்கோங்க” என்று சாவியைக் கொடுத்தார் அக்கா. அதோடு நிற்காமல், கருவேலஞ்செடியை வெட்ட ஆளையும் அனுப்பி, கூலியையும் அவரே கொடுத்தார். அக்கா, புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பிதழ் அத்தனையும் என் கடையில்தான் அடிக்கிறோம், நீங்கள் காசு தரக் கூடாது.

சண்டை ஒன்றும் நடந்தது. எஹலப்பொலவின் மனைவி மக்களை அரசர் கொன்றதைச் சொல்லும் சார்ட்டைப் பார்த்து, சமாதிக்குப் பக்கத்திலேயே இப்படி எழுதுவதா, நினைவு நாளில் நம்ம அரசரை அவமானப்படுத்துவதா என்று சிலர் கொதித்தார்கள். கழற்றச் சொன்னார்கள். அந்த அம்மாவின் கையாலேயே பிள்ளையின் தலையை உரலில் இடிக்க வைத்தார்கள் என்று அந்த நாட்டில் வழிவழியாகச் சொல்லும் கதையையும் போட்டிருந்தோம். நான் தடுமாறிப்போனேன். உண்மையாகவே கழற்றப் போனேன். அப்போது முன்னால் வந்தவர் எங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா. குரலை உயர்த்தவே இல்லை. “அரசர் மேல் எனக்கும் மரியாதை உண்டு, அதனால்தான் மாலை போட வந்தேன். அந்தப் பிள்ளைகள் செத்ததை மறைத்துவிட்டு எஹலப்பொலவைத் துரோகி என்று மட்டும் எழுதினால், பிரவுன்ரிக் எந்தக் காயத்தில் கைவைத்தான் என்று இந்தப் பசங்களுக்கு எப்படிப் புரியும்?” என்றார். கோபப்பட்டவர்களில் இருவர் ஐயாவோடு நின்று கடைசிச் சார்ட் வரை படித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கும் நன்றி. ஐயா, சார்ட் கழற்றப்படாமல் இருந்தது உங்களால்.

கெப்பிட்டிபொலவின் சார்ட்டுக்குப் படம் கிடைக்காமல் எழுத்து மட்டுமே வைத்தோம். எஹலப்பொலவின் மைத்துனர். ஊவாக் கலகத்தை அடக்கு என்று ஆங்கிலேயர்களே அனுப்பிய திசாவை, அதாவது மாகாண அதிகாரி, அவர். போன இடத்தில் மக்கள் பக்கம் சேர்ந்துவிட்டார், அரசாங்கம் கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஊர் ஊராக எரித்து, நெல்லையும் அழித்துத்தான் அந்தக் கலகத்தை அடக்கினார்கள். 1818 நவம்பர் 26 அன்று கண்டியில் அவர் தலையை வெட்டினார்கள். மண்டையோடு எடின்பரோவுக்குப் போய், 1954இல்தான் ஊர் திரும்பியது. கலகத்தை அடக்க மதராஸிலிருந்தும் படை போயிருக்கிறது. நம்ம பக்கத்துச் சிப்பாய்களும் அதில் இருந்திருப்பார்களோ என்று பாய் கேட்டார். அந்த நினைப்பே மனசை என்னவோ செய்கிறது.

இனி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணி வரை கண் விழித்து ஃபிளெக்ஸ் அடித்து, மை காய்வதற்குள் தானே வண்டியில் கொண்டுவந்த ஃபிளெக்ஸ் கடைத் தம்பிக்கு. பாலாற்றுக் காற்றில் சாமியானா தூக்கிக்கொண்டு போகப் பார்த்தபோது கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்ற கல்லூரி மாணவர்களுக்கு. மைக் செட் அண்ணனுக்கு. முகாமிலிருந்து இருபத்தாறு பேரை இரண்டு நடையாக அழைத்துவந்து, டீசலுக்கு மட்டும் காசு வாங்கிய வேன் ஓட்டுநருக்கு. சுண்டலும் சுக்குக் காபியும் கொடுத்துக்கொண்டே இருந்த மகளிர் சுயஉதவிக் குழு அக்காமார்களுக்கு. ஆறு மாதம் கடையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கு.

மாலை வெயில் சாய்ந்த பிறகு பாட்டி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு முத்துமண்டபத்துக்குள் போனார். அரசரின் சமாதியில் பூ வைத்தார். கொஞ்சம் பூவை மடியிலேயே முடிந்துகொண்டார். திரும்பி மனைக்கு வந்து, வரைபடத்தில் பச்சை நூல் முடியும் இடத்தில், அந்தக் குண்டூசிக்குக் கீழே தரையில் அதை வைத்தார். அவர் எதுவும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சார்ட்டுகள் மொத்தம் இருபத்திரண்டு. லேமினேஷன் போட்டுக் கடையில் வைத்திருக்கிறேன். பள்ளிக்கோ கல்லூரிக்கோ கேட்பவர்களுக்கு இலவசமாகத் தருவேன், நூல் வரைபடத்தை மட்டும் மடிக்காமல் கொண்டுபோக வேண்டும். சாமியானாக் கடை அண்ணனுக்கு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு குறைகிறது. அவசரத்தில் யாராவது வண்டியில் ஏற்றிவிட்டிருந்தால், கடையில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் ஜெராக்ஸ் கடைக்காரன்,
வேலூர்