சர்வீஸ் விளக்கும் அரை நாள் சோதனையும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டாஷ்போர்டில் சர்வீஸ் விளக்கு எரிந்து எங்களிடம் வருகிற மின்சாரக் கார்களைப் பற்றி, "விளக்கை அழிக்க அஞ்சு நிமிஷம். அதுக்கு அரை நாள் வண்டியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, கடைசியில 12 வோல்ட் பேட்டரியைத் தலையில கட்டுறாங்க" என்று ஒரு பேச்சு சுற்றி வருகிறது. அதை எங்களிடமே நேரில் கேட்டவர்களுக்கு முதலில் நன்றி.

அழிப்பது ஐந்து நிமிட வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேனரில் அழித்தால் கோளாறைக் காட்டும் பிழைக் குறியீட்டோடு, அது பதிவான நேரத்து வோல்ட், வேகம், வெப்பநிலை எல்லாம் போய்விடும். அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது? அதனால்தான் வண்டிக்குள் இருக்கிற எல்லா மாட்யூல்களையும் (சின்னக் கம்ப்யூட்டர்களையும்) முதலில் படித்துச் சேமிக்கிறோம்.

படித்தால் பல நேரம் பிரேக், ஸ்டீயரிங், சார்ஜர் என்று சம்பந்தமில்லாத ஏழெட்டுக் குறியீடுகள் வரும். ஏழெட்டுப் பாகமும் ஒரே இரவில் கெட்டுப்போகாது. எல்லாவற்றுக்கும் சோறு போடுகிற அந்த 12 வோல்ட் சின்னப் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் அது சோர்ந்தால் ஸ்டார்ட்டர் முக்கி முனகிக் காட்டிக்கொடுத்துவிடும். மின்சாரக் காரில் ஸ்டார்ட்டரே கிடையாது. கம்ப்யூட்டர்களை எழுப்பவும் வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியை இணைக்கிற காண்டாக்டர் சுவிட்சுகளை இழுக்கவும் தெம்பு இருக்கும்வரை வண்டி நன்றாகவே ஓடும். திடீரென்று ஒருநாள் விளக்கு எரியும்.

லெட்-ஆசிட் பேட்டரி என்றால், ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. (லித்தியத்துக்குக் கணக்கு வேறு.) வோல்ட் சரியாக இருந்தும் லோடு கொடுத்ததும் படுத்துவிடுகிற பேட்டரிகள் உண்டு, அதற்குத்தான் லோடு டெஸ்ட். பிறகு வண்டியை 'ரெடி'யில் (ஓடத் தயாரான நிலையில்) வைத்து, பெரிய பேட்டரியிலிருந்து சின்னதைச் சார்ஜ் செய்கிற டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் 14 வோல்ட் அளவில் கொடுக்கிறதா, எர்த் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பார்க்கிறோம். கன்வெர்ட்டர் பழுதென்றால் புதுப் பேட்டரியும் இறங்கி, அதே விளக்கு திரும்ப வரும்.

கடைசியில், நிறுத்தி வைத்த வண்டி சின்னப் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனை. பூட்டிய பிறகு எல்லா மாட்யூலும் தூங்க அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். தூங்கியபின் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இழுக்க வேண்டும். இடையில் யாராவது சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால்கூடப் பல வண்டிகள் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. அரை நாள் போவது இங்கேதான். இனி லோடு டெஸ்ட் அளவுகளை பில்லோடு இணைத்தே தருகிறோம்.

விளக்கு எரிந்தால், வண்டியை அணைப்பதற்கு முன் டாஷ்போர்டைப் போட்டோ எடுங்கள்: எச்சரிக்கை, கிலோமீட்டர், சார்ஜ் சதவீதம் மூன்றும் தெரியட்டும். மழையில் ஓட்டினீர்களா, வண்டி கழுவினீர்களா என்பதையும் சொல்லுங்கள். ஈரத்தில் வந்து காய்ந்தால் மறைகிற இன்சுலேஷன் (மின்காப்பு) கோளாறு பிடிபட அது பெரிதும் உதவும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டிப் பார்க்காதீர்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் ஓரமாக நிறுத்தி, உயர் மின்னழுத்தம் ஓடுகிற ஆரஞ்சு கேபிள்களைத் தொடாமல், தட்டை லாரியில் ஏற்றி அனுப்புங்கள். சக்கரம் உருள இழுத்தால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கக்கூடும்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் சாவியை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிற உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அன்புடன்,
பட்டறையினர்

பி.கு.: உயர் மின்னழுத்த வேலை பார்த்த டெக்னீஷியன் விலகிவிட்டதால், ஆரஞ்சு கேபிள் வேலைகள் இப்போதைக்கு செவ்வாய், வெள்ளி மட்டும். சோதனைக் கட்டணம் இனி தனி.