ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மூச்சு மட்டும் வாங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம் முதல் சாயல்குடி வரை எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாதக்கணக்கில் மூச்சு இளைப்பு. எக்ஸ்ரே நார்மல், ஈசிஜி நார்மல். ‘கேஸ் ட்ரபுள்’ என்று ஒரு சீட்டு, ‘மனக்கவலை’ என்று இன்னொரு சீட்டு. இப்படிக் காரணம் தெரியாமல் நீளும் இளைப்புகளில் பல, தப்பான நேரத்தில் சோதித்ததாலும், ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்’ என்று யாரும் கேட்காததாலும் பிடிபடாமல் போனவை.

ஆஸ்துமாக்காரரின் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். இழுப்பு விடிகாலை மூன்று மணிக்கு வரும். காலை பத்து மணி ஓ.பி.யில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ஒன்றும் கேட்காது. அதற்குத்தான் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் சோதனை. சளிச் சோதனையில் காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். மூச்சை முழுக்க இழுத்து, முதல் நொடியிலேயே முழு வேகத்தில் ஊதி, ஆறு நொடி வரை விடாமல் ஊத வேண்டும். இப்படிச் சரியான ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். பிறகு சால்பூட்டமால் பம்பில் நான்கு அழுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதல். முதல் நொடி அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். மருந்துக்குப் பிறகும், மொத்தக் காற்றில் முதல் நொடியில் வருவது 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு. காலையில் பம்ப் அடித்துவிட்டு சோதனைக்கு வந்தால் இந்த வித்தியாசம் தெரியாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தென்றால் இன்னும் அதிகம்.

ஆனால் ஸ்பைரோமெட்ரியும் ஒரு நாள் காலையின் படம்தான். வேலையால் வரும் இளைப்பைப் பிடிக்க, ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியே போதும். சில நூறு ரூபாய்தான். நின்றுகொண்டு, முள்ளை அடிக்குத் தள்ளி, உதட்டால் குழாயை இறுக மூடி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று ஊதலில் பெரிய எண்ணை எழுத வேண்டும். எழுந்ததும், வேலைக்கு நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன்பும் என்று நான்கு வேளை. லீவு நாட்களையும் சேர்த்து நான்கு வாரம். விரல் அளவுகோலில் பட்டாலோ நாக்கு குழாயை அடைத்தாலோ எண் குறையும். எச்சில் துப்புவதுபோல ஊதினால் பொய்யாக ஏறும். நோட்டில் 300, 300, 300 என்று ஒரே பேனாவில் வரிசையாக இருந்தால் கடைசி நாள் பஸ்ஸில் வைத்து எழுதியது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த நோட்டு நண்டு கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மிகவும் உதவும். நண்டு வேகும் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற ஆவியில் நண்டின் புரதம் நுண்துளிகளாக ஏறி வருகிறது. அதை நாளெல்லாம் சுவாசிப்பவர்களில் சிலருக்கு முதலில் மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். மாதங்கள் கழித்து இழுப்பு தொடங்கும். அதுவும் பல பேருக்கு வேலை நேரத்தில் வராமல், வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்து வரும். அதனால் பழி இரவுச் சாப்பாட்டின் மேலும் தலைக்குக் குளித்ததன் மேலும் விழுகிறது. சீக்கிரம் கண்டுபிடித்து ஆவியிலிருந்து விலக்கினால் குணமாக வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் விட்டால் வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா தங்கிவிடலாம்.

மீன்பிடித் தடைக்காலம் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்) நமக்குச் செலவில்லாத ஒரு சோதனை. விசைப்படகு மீனை நம்பியிருக்கும் கருவாட்டுக் களத்திலும் கம்பெனியிலும் வேலை நிற்கும்போது இளைப்பு இறங்கி, ஜூன் கடைசியில் ஏறினால் அது பெரிய தடயம். ஆனால் நாட்டுப்படகில் நண்டு வலை தடைக்காலத்திலும் போகும். ஆகவே அந்த ஆளுக்கு உண்மையிலேயே வேலை நின்றதா என்று கேட்ட பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

கரிமூட்டத்தில் ஏமாற்றம் வேறு மாதிரி. சீமைக்கருவேலக் கட்டையை அடுக்கி, மண் பூசி, காற்றை அடக்கி எரிக்கும்போது கார்பன் மோனாக்சைடு வரும். தலைவலி, கிறுகிறுப்பு, நாலடி நடந்தால் மூச்சு வாங்கல். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோ 98 காட்டும். மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை ஆக்சிஜன் ஏறிய ரத்தமென்றே அது படிக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத் தனி ரத்தச் சோதனை வேண்டும், அதுவும் அன்றைக்கே. சாதாரணக் காற்றில் நாலைந்து மணி நேரத்தில் அளவு பாதியாகிவிடும். மறுநாள் எடுத்தால் அந்த ரிப்போர்ட்டும் நார்மல்தான்.

சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் அடுப்படியில் வருடக்கணக்கில் நின்ற பெண்களுக்கு, பீடியைத் தொடாமலே, பீடி பிடித்தவருக்கு வருகிற அதே அடைப்பு நோய் வரலாம். ‘புகைப்பழக்கம்: இல்லை’ என்று சீட்டில் எழுதிவிட்டால் அத்தோடு அந்தக் கதவு மூடிவிடுகிறது. ராமேசுவரம் தீவில் சங்கும் சிப்பியும் தேய்ப்பவர்களின் தூசி வேறு விதம். நுரையீரல் சதையே தடித்துப்போகலாம். அவர்களை ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லிவிட்டு ஆக்சிஜனை அளக்க வேண்டும். உட்கார்ந்திருக்கையில் 97 காட்டியது 93க்கு இறங்கினால் எக்ஸ்ரேயோடு நிற்காமல் சி.டி. எடுக்க வேண்டும். விரலில் மருதாணி இருந்தால் வேறு விரலில் அளக்கலாம்.

நுரையீரலுக்கு வெளியிலும் தேட வேண்டும். பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகைதான் முதல் சந்தேகம். இளம் பெண்ணுக்கு, அதிலும் கர்ப்பத்தில் இளைப்பு கூடினால், சிறுவயதுக் காய்ச்சலில் சுருங்கிய இதய வால்வாக இருக்கலாம். அதை ஈசிஜி தவறவிடலாம், எக்கோ என்ற இதய ஸ்கேன்தான் காட்டும். பிரஷருக்குச் சாப்பிடும் அட்டெனலால் மாத்திரை இழுப்பைக் கிளப்பலாம், எனாலாப்ரில் மாத்திரை வறட்டு இருமலைத் தரலாம். எனவே மருந்து அட்டைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. முன்பு காசநோய் வந்தவருக்கு மறுபடி இளைத்தால் அது பழைய தழும்பாகவும் இருக்கலாம். சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல் எக்ஸ்ரே நிழலை மட்டும் நம்பி மாத்திரை தொடங்குவது தவறு.

இரவில் இருமலும் இழுப்புமாக வந்து, ரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை அணு 3000க்கு மேல் போனால் அது யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் ஒவ்வாமையாக இருக்கலாம். டை-எதில் கார்பமசின் என்ற புழு மருந்தை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் நம் ஊரில் மூச்சு வாங்கியதும் முதலில் விழுவது ஸ்டீராய்டு ஊசி. மறுநாள் ரத்தம் எடுத்தால் இயோசினோபில் மாயமாகியிருக்கும், மூச்சளவும் தேறியிருக்கும். உயிருக்கு ஆபத்தான இழுப்பில் ஊசி போடத்தான் வேண்டும். மற்ற நேரத்தில் ரத்தத்தை எடுத்துவிட்டு ஊசி போடுங்கள். போட்ட மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமை, உதடு நீலம், திடீர் நெஞ்சுவலியோடு மூச்சு முட்டல், சளியில் ரத்தம்: இவற்றுக்கு நோட்டும் வேண்டாம், பீக் ஃப்ளோவும் வேண்டாம். உடனே 108.

சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பது இரண்டுதான். கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் இளைப்போடு வருபவருக்கு நான்கு வாரத்துக்கு ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் நோட்டும் கடனாகக் கொடுங்கள்; ஊதும் குழாய் மட்டும் ஆளுக்கு ஒன்று புதிதாக இருக்கட்டும். ஓ.பி. சீட்டில் வயதுக்கு அடுத்து ‘தொழில்’ என்று ஒரு வரி சேருங்கள். அதில் ‘கூலி’ என்று எழுதினால் போதாது. நண்டு அவிக்கிறவரா, கரி அள்ளுகிறவரா, சங்கு தேய்க்கிறவரா என்று எழுத வேண்டும்.

இப்படிக்கு,
கடலோர ஊர்களில் பணிபுரியும் நுரையீரல் மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
இராமநாதபுரம் மாவட்டம்.